திரும்பிப் பதிந்த வில்லை

என் தம்பி எலிசியோ பராசா இதுவரை ஜெயித்தவை: சுரங்கக் கூரை இடிந்து விழுந்த அன்று தன் உயிர், சீட்டாட்டத்தில் ஒரு கழுதை, முன்பல் இல்லாமலே மிளகாய் தின்னும் போட்டி, நாற்பத்தொன்பதாவது வயதில் கல்யாணத்துக்கு லூர்தெஸின் சம்மதம், அதுவும் அவள் அப்பா கண்ணை மூடிய பிறகு.

இடிப்பதுதான் அவன் தொழில். சில்வர் சிட்டியில் எந்தப் பழைய கடை விழுந்தாலும், தரைப்பலகையைப் பெயர்த்த குழியில் முழங்காலிட்டு, கல்லா இருந்த இடத்துக்கு நேர் கீழே மண்ணைச் சலித்துக்கொண்டிருப்பான். 1930களில் எங்கள் நியூ மெக்சிகோவில் புழங்கிய செம்பு வரி வில்லைகள் பலகை இடுக்கு வழியே அங்கேதான் விழுந்து கிடக்கின்றன. அரை சென்ட் வரி கட்ட அரை சென்ட் காசு கிடையாது. அதற்குப் பதிலாக அந்த வில்லை. பள்ளிக்கூட வரி என்று அதன் மேலேயே எழுதியிருக்கும்.

சுத்தமாகப் பதிந்த வில்லை என்றால் லூர்தெஸின் தையல் டப்பாவுக்குப் போய்விடும். அச்சு நகர்ந்தது, இரண்டு தடவை அடிபட்டது, ஒரு பக்கம் மொட்டையாக நின்றது, இவைதான் அவனுடைய முட்டை அட்டையில் குடியேறும்.

"நல்லதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்கக்கா. கோணலாப் போனதுக்கு நான் ஒருத்தன்தானே."

யாராவது தேய்த்துப் பளபளப்பாக்கப் போனால் கையில் ஒரு அடி விழும். "செம்பக் குளிப்பாட்டாத, செத்துரும்!"

அவனுக்கு எழுதத் தெரியாது என்பது ஊர் நம்பிக்கை. அது முழு உண்மை அல்ல. அவன் இடக்கைக்காரன். இரண்டாம் வகுப்பில் டீச்சர் அந்தக் கையை முதுகோடு கட்டிவைத்தார். வலக்கையில் ஒன்றும் வரவில்லை. கட்டை அவிழ்த்ததும் இடக்கையில் பேர் வந்தது, ஆனால் வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிவதுபோல். அதற்கும் அடி. அதோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டான். பிறகு கூலிச் சீட்டில்கூடக் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறிதான். "வரி கட்டியாச்சு, படிப்புதான் வரல" என்று வில்லையைக் காட்டிச் சிரிப்பான்.

பக்கத்து ஊர் டெமிங்கில் வருடம் ஒரு முறை வில்லை சேகரிப்பாளர்கள் கூடிப் போட்டி வைப்பார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வில்லையோடு வைக்கிற அட்டையில் யார் கையெழுத்துப் போடுகிறாரோ, அவர் பெயரில்தான் வில்லை பதிவாகும். அட்டைகளை நான் எழுதுவேன், கையெழுத்தும் நானே. அவன் ஜெயித்த மூன்று பரிசு ரிப்பன்களிலும் என் பெயர் இருக்கிறது.

போன வருடம் ஒரு மளிகைக்கடைக் குழியில் அது கிடைத்தது. அச்சில் ஒட்டிக்கொண்ட ஒரு வில்லை, அடுத்து வந்த வில்லையில் தன் முகத்தையே அழுத்திவிட்டிருக்கிறது. எழுத்தெல்லாம் பள்ளமாக, வலமிருந்து இடமாக. எங்கள் மாநில வில்லையில் அப்படி ஒன்றை டெமிங் கூட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. இதை மட்டும் எலிசியோ முட்டை அட்டையில் வைக்கவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தூங்கினான்.

டெமிங்கில் அட்டையை எழுதி முடித்து, பேனாவை அவன் முன்னால் வைத்தேன்.

"நீயே போடுக்கா. எப்பவும் நீதானே போடுவ?"

"எப்பவும் இது கிடைக்கலையேடா. இதுல என் பேர் வராது."

"அப்ப பெருக்கல் குறி போடட்டா?"

வில்லையைப் பார்த்ததுமே அபூர்வம் என்று சொல்லியிருந்த சங்கச் செயலாளர் வில்பர் ஸ்ட்ரவுட் கண்ணாடிப் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பெருக்கல் குறி ஊருல யார் வேணா போடலாம், எலிசியோ. பேரப் போடுங்க, இல்லன்னா வில்லைய எடுத்துட்டுப் போங்க. மணியாச்சு."

எலிசியோ வில்லையை எடுத்துப் பையில் போட்டான். கதவு வரை போனான். திரும்பி வந்தான். பேனாவை இடக்கையில் பிடித்து, அட்டையின் வலது ஓரத்தில் ஆரம்பித்தான்.

ஸ்ட்ரவுட் குனிந்தார். "என்னய்யா இது, எல்லாம் திரும்பியிருக்கு?"

தம்பி வில்லையை எடுத்துக் கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்தான். "இதுவும் அப்படித்தான் எழுதியிருக்கு. இத மட்டும் அபூர்வம்னீங்க?"

ஸ்ட்ரவுட் பூதக்கண்ணாடியில் வில்லையைப் பார்த்தார். பிறகு பெயரைப் பார்த்தார். மூடியைத் தூக்கிப் பிடித்தார்.

மை காயும்வரை எலிசியோ அட்டையை யாரையும் தொடவிடவில்லை. காய்ந்ததும் என் பக்கம் தள்ளினான். தேதியை மட்டும் நான் எழுதினேன்: 1987 அக்டோபர் 17.