மடக்கு ஸ்கூட்டர் இருந்த மூலை

பிளானோவில் எங்கள் கராஜ் மூலையில் என் வீட்டுக்காரர் ஒரு பழைய ஜப்பான் ஸ்கூட்டர் வைத்திருந்தார். ஹேண்டிலையும் சீட்டையும் உள்ளே மடக்கினால் பெட்டி மாதிரி ஆகிவிடும். மூன்று வருடம் பார்ட்ஸ் தேடி அதை ஓடும்படி செய்தார். என்னோடு பேசியதைவிட அதோடு இருந்ததுதான் அதிகம்.

போகியன்று, பழையதைக் கழிக்கிறேன் என்று அதையும் கிழிந்த மெத்தையோடு தெருவோரம் வைத்தேன். தெரிந்தேதான் வைத்தேன். குப்பை லாரி எடுத்துப்போனது. வேலையிலிருந்து வந்தவர் காலியான மூலையைப் பார்த்துவிட்டு, கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்கூட்டரைப் பார்க்கவே ஹூஸ்டனிலிருந்து அவர் நண்பர் வந்தார்.

"வண்டி எங்கடா?"

"நான்தான் தூக்கிப் போட்டுட்டேன்," என்றார் என் வீட்டுக்காரர்.

"லூசாடா நீ? ஜப்பான்லயே கிடைக்காதுடா."

இவர் சிரித்தார். காபியோடு நின்ற நான் டம்ளர்களை இருவரிடமும் நீட்டினேன்.

இன்னும் அந்த மூலையை விட்டுத் தள்ளித்தான் காரை நிறுத்துகிறார். ஒரு தடவை என்னைத் திட்டியிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும்.