இருமல் மருந்து மூடியின் மேல் போட்ட பழி

நான் கெடுத்த இன்ஜினுக்கான பழியை, அதைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஒரு பெண்ணின் மேல் போட்டேன். அப்போது எனக்கு அறுபத்தெட்டு வயது. அறியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

அவர் கணவர்தான் சேலையூரில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவர். வீடு பெரும்பாக்கத்தில். புல்வெட்டும் மெஷினின் சின்ன இன்ஜினைத் தன் சைக்கிளில் தானே பொருத்தி, கோவளத்திலிருந்து ஐஸ் பெட்டியோடு வருவார். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றவேண்டிய டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் அது. கலப்பது மனைவியின் வேலை. லிட்டருக்கு இருமல் மருந்து மூடியால் நான்கு மூடி, ஒரு சொட்டு கூடாது, குறையாது.

நான் பாலிடெக்னிக்கில் முப்பது வருடம் இன்ஜின் பாடம் நடத்தியவன். கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் டூ-ஸ்ட்ரோக் வரைவேன். நிஜ இன்ஜினைக் கழற்றியதெல்லாம் லேப் உதவியாளர்.

"பத்து மணிக்குள்ள வந்தா நல்ல மீனு சார். லேட்டானா பூனைக்குத்தான்" என்று ஒருநாள் மீன்காரர் அலுத்துக்கொண்டார். சிலிண்டரில் புகை வெளியேறும் துளையை ஒரு மில்லிமீட்டர் மேலே உயர்த்தினால் வேகம் கூடும் என்றேன். "படிச்சவரு சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்" என்று அப்போதே சிலிண்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

செய்தித்தாளை விரித்து, துளையின் மேல் விளிம்பை அரத்தால் ராவினேன். இடப்பக்கம் கொஞ்சம் ஏறிவிட்டது. சமன் செய்ய வலப்பக்கம் ராவினேன். அது இன்னும் ஏறிவிட்டது. கிருதாவைச் சரிசெய்யப் போய் காதுக்கு மேல் போனவனின் நிலைமை.

"தேங்கா துருவுற மாதிரி துருவுறீங்க. போதும்" என்றாள் என் மனைவி. நான் நிறுத்தவில்லை.

மறுநாள் சமதரையில் வண்டி பறந்ததாம். மேடவாக்கம் மேம்பாலத்தில் ஏறும்போது மட்டும் இன்ஜின் கத்தியதே தவிர இழுக்கவில்லை. அவர் ஐஸ் பெட்டியோடு மிதித்து ஏறி, பூனைகளின் நேரத்துக்கு வந்து சேர்ந்தார். சட்டை நனைந்திருந்தது.

"இன்னா சார், பாலம் ஏற மாட்டேங்குது?"

துளை ரொம்ப உயர்ந்தால் இழுவை போகும். அது நான் வருடாவருடம் பரீட்சையில் கேட்ட கேள்வி. ஆனால் என் வாய், "ஆயில் யார் கலக்கறது?" என்றது.

"வூட்லதான்."

"அங்கதான் பாக்கணும்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அவ்வளவே போதுமானதாக இருந்தது.

ஒரு வாரம் தினமும் பாலத்தை மிதித்தே ஏறி வந்தார். முகம் சரியில்லை. என்ன என்று கேட்டேன்.

"ஒழுங்கா ஊத்துனியான்னு ஒரு வார்த்த கேட்டேன் சார். மூடிய என் கையில குடுத்துட்டு, இனிமே நீயே கலக்கிக்கோன்னா. அன்னைலேர்ந்து பேச்சே இல்ல."

"சாப்பாடு?"

"சோறு போடறா. கொழம்பு இல்ல. மீன்காரன் வூட்ல ஒரு வாரமா மோர்சோறு சார்."

அன்றிரவு என் வீட்டு மீன் குழம்பு எனக்கு ருசிக்கவில்லை. அதே அளவில் வேறு சிலிண்டர் தேடி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு பெரும்பாக்கம் போய், மூன்று மாடி ஏறி, இருவரையும் வைத்துக்கொண்டு சொன்னேன்: "தப்பு உங்க அளவுல இல்லம்மா. நான் ராவினதுல."

அந்த அம்மா என்னையும் சிலிண்டரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெட்ரோல் பாட்டிலையும் ஆயிலையும் மூடியையும் என் முன் வைத்தார்.

"நாலு மூடி ஊத்துங்க சார். பாக்கலாம்."

இரண்டாவது மூடியிலேயே ஆயில் வழிந்து தரையில் போனது. மூன்றாவதை ஊற்றினேனா இல்லையா என்பதே மறந்துவிட்டது.

"பாத்தியா, சாருக்கே வரல" என்று கணவர் சிரித்தார்.

"நீ மட்டும் இன்னா கிழிச்ச? எட்டு நாளா நீ கொட்டுன ஆயில்ல பல்லி வழுக்கி வுழுந்துகினு கீது" என்றார் மனைவி.

எட்டு நாளில் அவர் கணவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. மூடியையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்.

சிலிண்டரை மீன்காரரே மாட்டினார். என்னைத் தள்ளி உட்காரச் சொன்னார். இப்போது வண்டி பழைய வேகத்தில் பாலம் ஏறுகிறது. எங்கள் வாசலில் மீன் நிறுக்கும்போது நான் கிட்டே போனால் மட்டும், ஒரு கையால் இன்ஜினை மறைத்துக்கொள்கிறார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். வூட்ல சொல்லி அனுப்பிகீறா."