முதுகு இடிக்கும் வேடம்

சியோலில் எங்கள் பேட்டைப் பூங்காவில் இருபது வருடங்களாகத் தினமும் காலை ஆறு மணிக்கு ஒரே ஓக் மரத்தில் முதுகை இடித்து உடற்பயிற்சி செய்பவர் பே சுன்சிக், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அந்தப் பூங்காவிலேயே, பார்வையாளர்கள் நடிகர்களின் பின்னாலேயே நடந்து போய்ப் பார்க்கும் நாடகம் ஒன்று போட ஆள் எடுக்க வந்தார்கள். மரத்தில் முதுகு இடிக்கும் கிழவர் வேடமும் இருந்தது. அவரை விட்டால் யார் என்று நாங்கள்தான் பிடித்துத் தள்ளினோம்.

மனிதர் வழக்கம்போல் இடித்தார். இயக்குநர் ஹாரம் என்ற இளம்பெண். வீடியோ எடுத்தபடியே தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"கொஞ்சம் இயல்பா இடிங்களேன் ஐயா. நடிக்கிற மாதிரி இருக்கு."

"தினமும் இப்படித்தாம்மா இடிக்கிறேன்."

"இருக்கலாம். பாத்தா நம்ப முடியலையே."

முப்பது வயது நடிகன் ஒருவனுக்கு நரைத்த டோப்பா மாட்டி அந்த வேடத்தைக் கொடுத்தார்கள். அவன் பயிற்சி எடுத்ததோ சுன்சிக்கின் வீடியோவைப் பார்த்துத்தான்.

நாடகத்தன்று சுன்சிக் கூட்டத்துக்கு முன்னால் நின்று அவனையே கண் கொட்டாமல் பார்த்தார்.

"வயித்தெரிச்சலா இல்லையா அண்ணே?" என்றேன்.

"சும்மா இருப்பா. அந்தப் பொண்ணு சொன்னதுலேர்ந்து எனக்கு இடிக்கவே வரமாட்டேங்குது. நான் எப்படி இடிப்பேன்னு இவனைப் பாத்துத்தான் கத்துக்கணும்."