அண்ணன் வாங்கிய சான்றிதழ்

மாலை நான்கு மணி இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும் என்பதால் அறையில் இருந்த எல்லோரும் மாறி மாறிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை வீடு பார்க்க ராஜபாளையத்திலிருந்து வந்தவர்களில் மூத்தவர் பெண்ணின் தாய்மாமா. "இன்னும் பத்து நிமிசம் கெடக்கு, தட்டை எடுங்க, மாத்திருவோம்" என்று அவர்தான் சொன்னார். சொல்லிவிட்டு மணியைச் சரிபார்க்க மறுபடியும் தலையை உயர்த்தினார். கடிகாரத்துக்கு நேர் கீழே, ஆண்டாள் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று தொங்கியது. அதன் தலைப்பில் ஒரு வெள்ளைக் கப்பல். அவர் சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்து அதன் பக்கத்தில் போனார். அந்தச் சான்றிதழில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் மாப்பிள்ளையான என் அண்ணன். மற்றொருத்தி நான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அண்ணன் மதுரையில் கேட்டரிங் படித்துவிட்டு, ஓட்டல்களில் சில காலம் இருந்து, பிறகு வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் போகும் பெரிய கப்பல் ஒன்றில் சேர்ந்தான். எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரடிக்குப் பின்னால் இருந்த ஒரு தெருவில். அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டாள். அப்பா ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். விடியற்காலையில் கோயிலுக்குப் போய் வராமல் காப்பி குடிக்காதவர். அண்ணன் அவரிடம், கப்பலில் ஸ்டோர்ஸில் வேலை என்று சொல்லியிருந்தான். தன் வேலையையே மகனும் பார்க்கிறான், அதுவும் கடலில் மிதக்கிற ஸ்டோரில் பார்க்கிறான் என்று அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கப்பலுக்குள் எலி உண்டா, ஈரம் ஏறாமல் எப்படிப் பார்க்கிறீர்கள், அலை அடித்தால் அடுக்கு சரியாதா என்றெல்லாம் என்னைக் கடிதத்தில் எழுதச் சொல்வார். கூடவே தன் தொழில் சூத்திரத்தையும் சொல்வார்: "பழசு முன்னால, புதுசு பின்னால. கனமானது கீழ. இது ரெண்டும் தெரிஞ்சா எந்த ஸ்டோரையும் ஆளலாம்னு எழுது."

நான் அப்போது கல்யாணமாகி ராஜபாளையத்தில் குடியிருந்தேன். அங்கே ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை. அண்ணனின் கடிதங்கள் என் பள்ளிக்கூட முகவரிக்கு வரும். சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய், கண்ணில் புரை விழுந்திருந்த அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவேன். உறைக்குள் எப்போதும் இரண்டு தாள்கள் இருக்கும். வெளித்தாள் அப்பாவுக்கு. அதற்குள் நாலாக மடித்த உள்தாள் எனக்கு மட்டும்.

அந்த உள்தாளில்தான் அவன் உண்மையான வேலையை எழுதுவான். கப்பலில் பெரிய கம்பெனிகளின் பீர் எப்போதும் இருக்கும். ஆனால் அந்த வருடங்களில் பயணிகள் வேறு ஒன்றைக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். சின்னஞ்சிறு ஆலைகளில், ஒரு ஊருக்கு ஒரு பக்குவமாக, கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சுகிற பீர். கப்பல் ஒவ்வொரு துறைமுகத்தில் நிற்கும்போதும் உள்ளூர்க்காரர்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டு வந்து காட்டுவார்கள். அவற்றில் எதைக் கப்பலில் ஏற்றலாம், எதை வேண்டாம் என்று சொல்வது அண்ணனின் பொறுப்பு. சுவையாக இருந்தால் மட்டும் போதாது என்று எழுதுவான். சில வகைகளில் அடியில் வண்டல் தங்கியிருக்கும். கப்பல் ஆடினால் கலங்கிவிடும். புயலில் சிக்கி வந்தால் இரண்டு நாள் அசையாமல் நிறுத்தி வைத்துத்தான் திறக்க வேண்டும். வெளிர்நிறப் பாட்டிலில் வெளிச்சம் பட்டால் நாற்றம் வந்துவிடும். வெயில் கடல்களைத் தாண்டும்போது எது தாங்கும், எது புளித்துப்போகும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும்.

எனக்குப் புரிய வேண்டுமே என்று நம் வீட்டு ருசிகளில் எழுதுவான். ஒன்றில் வறுத்த காப்பிக்கொட்டை வாசம், ஒன்றில் கருப்பட்டி, ஒன்றில் நார்த்தங்காய்த் தோல். அதில் போடுகிற ஒரு பூவின் கசப்பு வேப்பம்பூ ரசத்தின் கசப்பைப் போலவே நாக்கின் பின்பக்கம் வந்து நிற்கும் என்று ஒருமுறை எழுதினான். இத்தனையையும் அவன் குடிக்காமல் செய்தான். வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுவானாம். மேலதிகாரி கேலி செய்வாராம். ஒரு மடக்கு உள்ளே போனால் அடுத்ததில் வாசம் பிடிபடாது, அதனால் விழுங்குவதில்லை. குடிக்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை என்று எழுதியிருந்தான். அப்பாவின் சூத்திரம்தான் அங்கேயும் தன்னைக் காப்பாற்றுகிறது, பழசை முன்னால் வைத்ததால் ஒரு பாட்டில்கூடக் கெடவில்லை என்றும் எழுதியிருந்தான்.

அதற்காகத்தான் கப்பல்காரர்கள் அந்தச் சான்றிதழைக் கொடுத்தார்கள். ஏல், ஸ்டவுட், லாகர் வகைகளைத் தேர்ந்தெடுப்பதிலும் பேணுவதிலும் காட்டிய சிறந்த அறிவுக்காக என்று அதில் ஆங்கிலத்தில் இருந்தது. எல்லாம் பீரின் பெயர்கள்தான், ஆனால் பீர் என்ற சொல் எங்கும் இல்லை. விடுப்பில் வந்த அண்ணன் அதை என்னிடம் காட்டிவிட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டான். அப்பா அதைக் கண்டெடுத்தார். "ஏட்டி, இதுல என்னம்மா போட்டிருக்கு?" என்று என்னிடம் நீட்டினார். அண்ணன் என்னைப் பார்த்தான். கப்பல் ஸ்டோர்ஸில் பொருள்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கெட்டுப்போகாமல் வைத்ததற்காக என்றேன். பாதி உண்மைதானே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்பா மறுநாளே அதற்குச் சட்டம் போட்டு, வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கிற இடம் எது என்று யோசித்து, கடிகாரத்துக்குக் கீழே ஆணி அடித்தார்.

பெண் என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகள். தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட். இந்தச் சம்பந்தத்துக்குப் பேச்செடுத்தவளே நான்தான். பெண் பார்த்தாகிவிட்டது, இருவருக்கும் பிடித்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துத் தட்டு மாற்றுவது ஒன்றுதான் மிச்சம். என் வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் வேலையில் இருந்ததால், என் மாமியாரும் நானும் என் ஒரு வயது மகளும் பெண் வீட்டாரோடு வேனில் வந்திருந்தோம். பெண்ணின் தாய்மாமா தூத்துக்குடியில் சுங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பது எனக்குத் தெரியும். அது எதற்கு உதவும் என்று அந்த நிமிடம் வரை எனக்கு உறைக்கவே இல்லை.

அவர் வாசித்து முடித்துவிட்டு, கோபமே இல்லாத குரலில் கேட்டார். "மாப்ள, இதெல்லாம் பீரு வகைல்லா? சர்வீசு பூரா இந்தப் பேரத்தான எழுதிக்கிட்டு இருந்தேன். ஸ்டோர்ஸ்ல வேலைன்னு சொன்னாகளே."

அப்பா முதலில் சிரித்தார். பெரியவர் கேலி பேசுகிறார் என்று நினைத்துவிட்டார். எம் மக இங்கிலீஷ் டீச்சர், அவதான் வாசிச்சுச் சொன்னா, அவளையே கேளுங்க என்று என் பக்கம் கையைக் காட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மடியில் மகள் என் வளையலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். என் மாமியார் குரலை உயர்த்தாமல், "ஒனக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லு" என்றார்.

தெரியும் என்று சொன்னால் என்ன ஆகும் என்பது ஒரு நொடியில் என் கண்முன் ஓடியது. அவர்கள் வீட்டுப் பெண்ணை, விஷயத்தை மறைத்து, என் அண்ணனுக்குக் கட்டிவைக்கப் பார்த்தவள் ஆவேன். அந்த வீட்டுக்குத்தான் நான் திரும்பிப் போக வேண்டும். அங்கேதான் காலமெல்லாம் இருக்க வேண்டும்.

"எனக்குத் தெரியாது அத்தை. அண்ணன் சொன்னதைத்தான் அப்பாட்ட சொன்னேன்" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இத்தனை வருடம் நான் இப்படிக் கிடந்து அலைந்திருக்க மாட்டேன். அவன் தலையை ஆட்டிவிட்டு, "ஆமா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நாந்தான் அப்படிச் சொல்லி வச்சேன்" என்றான்.

குடிப்பீர்களா என்று பெரியவர் கேட்டார். இல்லை என்றான் அண்ணன். வந்திருந்தவர்களில் யாரோ பின்னாலிருந்து, "பால்கோவா கிண்டுறவன் கரண்டிய நக்காமலா இருப்பான்?" என்று சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவன் குடித்ததில்லை என்பதற்கு அவன் கைப்பட எழுதிய உள்தாள்கள் ராஜபாளையத்தில் என் டிரங்குப் பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் இருந்தன. நான் மகளின் விரல்களை வளையலிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டிருந்தேன். பெரியவர் கடிகாரத்தைப் பார்த்து, நேரமாகிவிட்டது, இன்னொரு நாள் பார்ப்போம் என்று எழுந்தார். தாம்பூலத் தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது.

வேன் கிளம்புவதற்கு முன் குழந்தையின் பால் புட்டியை எடுக்க உள்ளே போனேன். அப்பா நாற்காலி போட்டு ஏறி அந்தச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். இறங்கிய பிறகு அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "பழசு முன்னால, புதுசு பின்னால வச்சது இதத்தானா?" அப்பா அவனைத் திட்டவில்லை. அதன் பிறகு, தான் சாகும்வரை, ஸ்டோர் என்ற சொல்லையே அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை, வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அந்த உள்தாள்களை எல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டேன். மாமியார் எப்போதாவது பெட்டியைத் திறந்துவிட்டால் என்ற பயம். வியாழக்கிழமை அண்ணன் மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டான். விடுப்பு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. அதற்குப் பிறகு கடிதங்கள் நேராக அப்பாவின் முகவரிக்குத்தான் வந்தன. ஒரே ஒரு தாளோடு.

இப்போது அண்ணன் எங்கோ தூரத்தில் ஒரு துறைமுக ஊரில், தனியாக இருக்கிறான். அப்பா இறந்தபோது வந்துவிட்டுப் போனான். போனில் என் பிள்ளைகளோடு சிரித்துப் பேசுவான். என்னிடம் உடம்பைக் கேட்பான். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை அவன் பேசியதில்லை, நானும் பேசவில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் அது ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. யாராவது எதையாவது மறைத்தால், "கப்பல் மாமா கதையா?" என்பார்கள். அன்று என் மடியில் இருந்த மகளுக்கு இப்போது வரன் பார்க்கிறோம். அவள் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டுமே என்று எனக்குத் தூக்கம் வருவதில்லை. போன வாரம் வரன் ஒன்றைப் பற்றிப் பேசும்போது அவளே சொன்னாள்: "எல்லாத்தையும் முதல்லயே சொல்லிருவோம்மா. கப்பல் மாமா மாதிரி ஆயிரக்கூடாது." நான் அடுப்பை அணைத்தேன். அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை செய்ததைப் பயத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். யோசிக்க நேரமில்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். பல வருடங்கள் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். புதன்கிழமை செய்யாமல் விட்டதற்கு அப்படி ஒரு சாக்கும் கிடையாது.

அந்தப் புதன்கிழமை நான் பள்ளிக்குப் போகவில்லை. தலைவலி என்று லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். மதியம் மாமியார் பின்னறையில் கண்ணயர்ந்திருந்தார். தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது. அண்ணனுக்குப் பார்த்த அந்தப் பெண் வந்து நின்றாள். சாப்பாட்டு நேரத்தில் ஆபீசிலிருந்து நேராக வந்திருக்கிறாள். விரல் நுனியில் கார்பன் தாளின் மை இருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, உள்ளே கேட்காத குரலில் பேசினாள். பெண் பார்க்க வந்த அன்றே, பின்கட்டில் தனியாகப் பேச விட்டபோது, அண்ணன் தன் வேலை என்னவென்று அவளிடம் சொல்லிவிட்டானாம். பீரைப் பற்றி, துப்புவதைப் பற்றி, வேப்பம்பூக் கசப்பைப் பற்றி எல்லாம். கேட்கக் கேட்கச் சிரிப்பு வந்தது என்றாள். தன் வீட்டில் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாளாம்.

"மதினி, ஒங்களுக்கு எல்லாம் எழுதியிருக்கேன்னு அவிய சொன்னாக. அந்தக் கடுதாசியக் குடுங்க. எங்க மாமாட்ட காட்டணும். குடிக்கிற ஆள் இல்லன்னு அவருக்குத் தெரிஞ்சாப் போதும், மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

இல்லை, எரித்துவிட்டேன் என்றேன். எப்போது என்று கேட்டாள். திங்கட்கிழமை என்றேன். அவள் தொட்டிலுக்குள் தூங்கும் குழந்தையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்:

"போவுது. கடுதாசி இல்லாட்டா என்ன, நீங்க இருக்கீகள்ல. மாமா இன்னும் ஊருக்குப் போகல, எங்க வீட்லதான் இருக்காக. நீங்க வந்து, எனக்குத் தெரியும்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ரிக்சாவ நிப்பாட்டி வச்சிருக்கேன். வாரீகளா, மதினி?"