வராத நாட்கள்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய பதிவேட்டுத் தாள்கள் இன்றைக்கு மதுரையில் ஓர் ஆவணக் காப்பகத்தில், அட்டைப் பெட்டிக்குள் துணிநாடா கட்டிப் பத்திரமாக இருக்கின்றன. அதற்கு முழுக் காரணம் என் மாமா கணக்கில் தேறாமல் போனதுதான். மாமாவின் பெட்டியை வாங்கிக்கொண்டு போன காப்பகத்துக்காரர்களுக்கு இது தெரியாது. ஊரின் எதிர்காலத்தை நினைத்துப் பார்த்த பெரியவர் என்று அவரைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். நானும் போய் மறுத்துச் சொல்லவில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. கம்பம் பள்ளத்தாக்கில் வாய்க்கால் தண்ணீர் பாய்கிற ஊர் எங்களுடையது. ஆளாளுக்கு வயலில் வேலை இருக்கும். மாமாவுக்கு மட்டும் தனக்கென்று ஒரு வேலை இருக்காது, எல்லாருடைய வேலையிலும் இருப்பார். யார் வீட்டில் கூரை வேய்ந்தாலும் மேலே ஏறி உட்கார்ந்து கதை சொல்வது அவர்தான்.

அது சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எங்கோ கடலுக்கு அப்பால் குண்டு விழ, எங்கள் ஊரில் மண்ணெண்ணெயும் காகிதமும் காணாமல் போயின. அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு பெரிய வாத்தியார் வந்தார். சுத்தத்தில் மிகுந்த பிரியமுள்ளவர். மூலையில் கிடந்த மரப்பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே கரையான் தின்றது போக மிச்சமிருந்த பழைய பதிவேடுகள். மிச்சத்தையும் கரையானுக்குக் கொடுப்பானேன் என்று நினைத்தவர், அவற்றை மளிகைக்கடை ராவுத்தருக்குக் கொடுத்து, பதிலுக்குச் சாக்கட்டியும் விளக்குமாறும் வாங்கிக்கொண்டார். பொட்டலம் மடிக்கக் காகிதம் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த ராவுத்தர் அவரை வாயார வாழ்த்தினார்.

நான் அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்தேன். கண்ணில் பட்டதையெல்லாம் உரக்கப் படிப்பது எனக்கு ஒரு வியாதியாகவே ஆகிவிட்டிருந்தது. ஒரு நாள் ஊர் மணியக்காரர் அப்பாவோடு பேச வந்திருந்தார். அம்மா கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த பொரிகடலைப் பொட்டலத்தைப் பிரித்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். நான் குனிந்து தாளில் இருந்ததைப் படித்தேன். மணியக்காரரின் பெயர், அவருடைய அப்பாவின் பெயர், கடைசியில், “மூன்றாம் வகுப்பிலேயே மறுபடியும் நிறுத்தப்பட்டான்.” அப்பா கூரையைப் பார்த்தார். மணியக்காரர் கையில் எடுத்த கடலையைத் திருப்பி வைத்துவிட்டு, வாய்க்கால் விஷயத்தை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று எழுந்து போனார்.

அதற்குப் பிறகு ஊரில் யாரும் பொட்டலத்தைச் சும்மா பிரிக்கவில்லை. உப்பு வாங்கினாலும் மிளகு வாங்கினாலும் தாளை நீவிவிட்டு, படிக்கத் தெரிந்த பிள்ளையைத் தேடிப் பிடித்தார்கள். யார் யாருக்கு என்ன மார்க்கு, யார் எத்தனை வயதைக் குறைத்துச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள் என்பதெல்லாம் அடுப்படிகளில் வெளிச்சத்துக்கு வந்தன. ஊரே சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை.

அப்போது அவருக்கு வீரபாண்டியில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா நெல் வியாபாரி. வண்டி கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு நெல் பிடிக்க வருபவர், வந்தால் ராவுத்தர் கடையில்தான் புகையிலை வாங்குவார். மாப்பிள்ளை ஐந்தாம் வகுப்பு பாஸ் என்று அவருக்குச் சொல்லியிருந்தது. சொன்னது தரகர், மறுக்காதது மாமா. உண்மையில் நான்காம் வகுப்பில் கணக்குக்குச் சுழி வாங்கி, அதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர் அவர். அந்தச் சுழி எந்தத் தாளில் இருக்கிறதோ, அந்தத் தாளில் எந்த நாள் புகையிலை மடிக்கப்படுமோ என்று அவர் சோறு இறங்காமல் கிடந்தார்.

முதலில் அவர் கண்ட வழி, பொட்டலங்களை எல்லாம் தானே வாங்கிவிடுவது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏண்டா, கடுகா வாங்கியாந்து கொட்டுற. தாளிச்சே செத்துருவோம் போலருக்கே!”

பிறகு ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போனார். கடையில் நல்ல கூட்டம்.

“ராவுத்தரே, நீங்க பெரிய மனுசரு. நம்ம ஊர்ப் புள்ளைக பேரு எழுதுன தாளு. அதுல போயி கருவாட்ட மடிக்கலாமா? நாளைக்கு நம்ம பேரன் பேத்திக வந்து, நம்மாளுக எப்படிப் படிச்சாகன்னு கேட்டா என்னத்த எடுத்துக் காட்டுவீக?”

ராவுத்தர் கையில் பிடித்திருந்த தராசைக் கீழே வைத்தார்.

“பேரன் பேத்தியா? ஒனக்கு இன்னும் பொண்ணே தெகையல மாப்ள. பேசாம ஒன் தாள மட்டும் தேடி எடுத்துட்டுப் போ. நான் ஒண்ணுஞ் சொல்லல.”

கூட்டம் சிரித்தது. மாமாவுக்கு ரோசம் வந்துவிட்டது.

“என் தாளா? அது எனக்கெதுக்கு? ஊருக்காகல்ல கேக்குறேன்!”

“அப்ப நான் சாமானை எதுல மடிக்க? அதையும் நீயே சொல்லு.”

“தேக்கிலை கொண்டாந்து போடுறேன். ஒரு கட்டு இலைக்கு ஒரு கட்டுத் தாளு.”

சொன்ன வாயை மூட முடியவில்லை. மறுநாளிலிருந்து மாமா மலையடிவாரத்துக்கு நடந்தார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் கூடப் போவேன். தேக்கிலையின் சொணை பட்டுக் கையெல்லாம் அரிக்கும். தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கடையில் போட்டால், ராவுத்தர் வாக்குத் தவறாமல் தாள்களை எடுத்துக் கொடுப்பார். வீட்டில் அம்மாவின் டிரங்குப் பெட்டி காலியாகி, அதற்குள் தாள்கள் ஏறின. வாத்தியார்களின் கூட்டெழுத்து தனக்குப் பிடிபடாது என்பார் மாமா. ஆகவே நான்தான் படிக்க வேண்டும், அவர் பெயர் வந்தால் உடனே சொல்ல வேண்டும். வந்தால்தானே? அந்தத் தாள் கடைசி வரை அகப்படவில்லை. கரையான் தின்றதோ, யார் வீட்டு அடுப்பில் எரிந்ததோ தெரியாது.

அதற்கு அவசியமும் இல்லாமல் போயிற்று. வீரபாண்டிக்காரர் புகையிலை வாங்க வந்தபோது அது தேக்கிலையில் மடித்து வந்தது. ஏன் என்று கேட்டிருக்கிறார். ராவுத்தர் விவரத்தைச் சொல்லியிருக்கிறார், நமுட்டுச் சிரிப்பை மட்டும் தன்னோடு வைத்துக்கொண்டு. “படிச்சவனுக்குத்தான்யா படிப்போட அருமை தெரியும்” என்று சொல்லி அன்றைக்கே நாள் குறிக்கச் சம்மதித்துவிட்டுப் போனார் வீரபாண்டிக்காரர்.

இனி மாமாவால் அந்தத் தாள்களைத் தூக்கி எறிய முடியாது. ஊரும் அவரை விடவில்லை. கூரை ஒழுகுகிற வீட்டுக்காரர்கள் பட்டாவைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஜாதகம் கொடுத்தார்கள். ஏலத்தோட்டத்து வேலையிலிருந்து நின்றபோது கிடைத்த சீட்டைக் கொடுத்தார்கள். மாமா எல்லாவற்றையும் வாங்கி, வசம்பும் வேப்பிலையும் போட்டு, பெட்டியில் அடுக்கினார். வேண்டா வெறுப்பாகத் தொடங்கியதுதான். ஆனால் போகப் போக, யாராவது ஒரு தாளை ஈரக்கையால் தொட்டால் அவருக்குக் கோபம் வரத் தொடங்கியது.

அந்த நாட்களில்தான் அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. பக்கத்துத் தெருவில் தனியாக இருந்தாள். அவளுடைய ஒரே மகன், எனக்கு அத்தான், ஏலத்தோட்டத்து வேலைக்கு மலையேறிப் போய், மலைக்காய்ச்சலோடு இறங்கி வந்து இறந்துபோனவன். எனக்கு நினைவு தெரிவதற்கு முன்னால் நடந்தது. அவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. படம் எதுவும் கிடையாது. அத்தை அவன் பேரை எடுத்து நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டிலும் அவள் எதிரில் யாரும் எடுப்பதில்லை.

வந்தவள் நின்றபடியே கேட்டாள்.

“தம்பி, அவன் பேரு அதுல இருக்குமா?”

மாமா வாயில் வந்த வேடிக்கைப் பேச்சு அப்படியே நின்றது. “இருக்கும் மதினி, உக்காருங்க” என்றார். பெட்டியைக் கவிழ்த்தார். அன்று முழுக்கத் தேடினோம், மறுநாளும் தேடினோம். கால் வைக்க இடமில்லாமல் வீடு முழுக்கத் தாள். அம்மா முற்றத்தில் கல்லைக் கூட்டிச் சமைத்தாள். தேடித் தேடி மாமாவின் கண் சிவந்துவிட்டது. தன் தாளைக்கூட அவர் அப்படித் தேடவில்லை.

எண்ணெய்க்கறை படிந்த ஓர் ஆஜர்த் தாளில் அந்தப் பெயர் என் கண்ணில் பட்டது. ஏதோ ஒரு மாதத்து ஆஜர். பெயருக்கு நேராக வரிசையாகச் சாய்ந்த கோடுகள், நடுநடுவே சுழிகள். அவ்வளவுதான். மார்க்கு இல்லை, வாத்தியார் எழுதிய ஒரு சொல்கூட இல்லை. இவ்வளவு தேடியும் இதுதானா என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மாமா தாளை அத்தையின் மடியில் விரித்து, பெயரின் மேல் அவள் விரலை எடுத்து வைத்தார். விரல் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

“இது என்னய்யா, வரிசையாச் சாஞ்சு சாஞ்சு கெடக்கு?”

“அம்புட்டும் அவன் பள்ளிக்கூடத்துக்கு வந்த நாளு மதினி.”

“நடுவுல இந்த முட்டை?”

மாமா தயங்கினார். “அது... வராத நாளு.”

அத்தை தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

“வராத நாளா? அப்ப அன்னைக்கு எங்கிட்டல்ல இருந்திருக்கான்!”

மாமா சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார். இலை பறிக்கும் நேரம் அது இல்லை. எதற்குப் போகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

தாளை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னதற்கு அத்தை சம்மதிக்கவில்லை. “என் வீடு ஒழுகும்யா. இங்கனயே இருக்கட்டும். நான் வந்து பாத்துக்கிடுறேன்.” சொன்னபடியே வயல் வேலை முடிந்து சாயங்காலங்களில் வருவாள். நான் தாளை எடுத்துக் கொடுக்க வேண்டும். கோடுகளைச் சீக்கிரமாகத் தாண்டிப் போய்விடுவாள். சுழி வந்தால் நின்றுவிடுவாள். “இது ஆடு குட்டி போட்டுச்சுல்ல, அன்னைக்கு. போக மாட்டேன்னு அழுதான். நான்தான் இருந்துட்டுப் போறான்னு விட்டுட்டேன்” என்பாள். மறுநாள் அதே சுழிக்கு, “இது வீரபாண்டித் திருவிழாவுக்குப் போனோமே, அன்னைக்கு” என்பாள். நான் விடமாட்டேன்.

“நேத்து ஆடு குட்டி போட்டுச்சுன்னீக!”

“ரெண்டுந்தான் ஆத்தா” என்று சிரிப்பாள்.

எனக்கு அத்தையின் மேல் பிரியம். அவள் சுழிகளையே பார்த்துக்கொண்டிருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் சுழி விழுந்தால் முழங்காலில் நிற்க வேண்டும். செத்துப்போன அத்தான் இன்னும் அந்தத் தாளுக்குள் முழங்காலில் நிற்கிறான் என்று தோன்றியது. ஒரு நாள் சிலேட்டுக் குச்சியை வைத்துவிட்டு, அப்பாவின் பென்சிலை எடுத்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அத்தை, இந்தச் சுழிக்கு மேலெல்லாம் நான் கோடு போட்டுடவா? அத்தான் ஒரு நாள்கூட விடாம வந்ததா ஆயிரும்.”

அதுவரை என்னை அதட்டியே அறியாத அத்தை, தாளை வெடுக்கென்று இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

“தொடாத! அது ஒண்ண மட்டும் தொடாத!”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நல்லது செய்யப்போனவளை ஏன் அதட்ட வேண்டும் என்று தேம்பித் தேம்பிக் கேட்டேன்.  மாமா என் கையிலிருந்த பென்சிலை மெதுவாக வாங்கிக்கொண்டார். பிள்ளைக்கு முழு ஆஜர் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லும் ஓர் அம்மாவை நான் அதுவரை பார்த்ததில்லை.