அம்பாளின் தேருக்கு ஒரு ஸ்பிரிங் பின்

எங்கள் கோவில் தேருக்குக் கீழே இருப்பது பழைய ட்ரெய்லர் ஒன்றின் அடிச்சட்டம். மேலே மரச்சிற்பம், குஞ்சம், பட்டுச்சீலை. கீழே பாரம் தாங்கும் வில்லுத்தகடும் ரயர்ச் சில்லும். ஆக்லாந்தில் தேர் அப்படித்தான். லொறிகளுக்கு வில்லுத்தகடு மாற்றுவதே என் தொழில் என்றபடியால், அந்தக் கீழ்ப்பக்கத்தை அம்பாள் எனக்கென்று ஒதுக்கிவைத்திருக்கிறாள் என்றே நினைத்திருந்தேன்.

போன வருஷம் தேருக்கு முதல் நாள், சனிக்கிழமை காலை, வெள்ளோட்டம் விட்டுப் பார்த்தோம். இடது பின்பக்கம் கிறீச்சென்று கத்தியது. தேரும் அந்தப் பக்கம் சரிந்தது. வில்லுத்தகட்டைச் சட்டத்தோடு கோர்க்கும் ஸ்பிரிங் பின் தேய்ந்து, துருவேறி இறுகியிருந்தது. அதை மாற்றாமல் அம்பாளை ஏற்ற ஏலாது.

"ஒரு போடு போடுங்கோ அண்ணை, வந்திடும்" என்றார் தேருக்குச் சீலை கட்டிக்கொண்டிருந்தவர்.

பிளாட் புஷ் பகுதியிலிருந்து வரும் தமிழ்நாட்டுக்காரர், கம்ப்யூட்டர் வேலை செய்பவர், சுத்தியலையே கொண்டுவந்து கையில் தந்தார். "அடிங்கண்ணே. பக்கத்துச் சந்நிதியிலயே ஆஞ்சநேயர் இருக்காரு, பலத்துக்கா குறைச்சல்?"

வேலைத்தளத்தில் என்றால் இதற்குச் சுத்தியலைத் தொடவே மாட்டேன். இதற்கென்றே ஒரு பிரஸ் இருக்கிறது. பொருத்திவிட்டுக் கைப்பம்பை அமத்த அமத்த, ஓர் அடியும் இல்லாமல் பின்னைத் தள்ளி எடுத்துவிடும். தெரிந்திருந்தும், இத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்க, மூன்று அடி அடித்தேன். ஸ்பிரிங் பின் அசையவில்லை. அதன் தலைதான் காளான் மாதிரி விரிந்தது. மேலே அம்பாளின் ஆசனம் அதிர்ந்தது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

முதலாளிக்குப் போன் எடுத்தேன். வெள்ளைக்காரர், நல்ல மனுஷன். ஆனால் பிரஸ் இருக்கும் கருவி அலமாரியில் உள்ள ஒரு சாமானும் கேற்றைத் தாண்டக் கூடாது என்பது அவருடைய சட்டம். முழுவதும் கேட்டுவிட்டு, "என்ன வண்டி?" என்றார். எங்கள் கடவுள் ஊர்வலம் போகிற வண்டி என்றேன். "எவ்வளவு பாரம் ஏறும்?" என்றார். அம்பாளுக்குப் பாரம் சொல்ல எனக்கு நா எழவில்லை. எல்லாமாக ரெண்டு தொன் வரும் என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன்.

"பிரஸ் வெளியே வராது. வண்டியைக் கொண்டு வா."

கலசத்தையும் மேல்தட்டுகளையும் கழற்றிவைத்துவிட்டு, யூட் பிக்கப்பில் பூட்டி, பாபடோயிட்டோயில் இருந்த வேலைத்தளத்துக்குத் தேரை மெதுவாக இழுத்துப் போனோம். குப்பை லொறிக்கும் சீமெந்து லொறிக்கும் நடுவில் அது நின்றது. தமிழ்நாட்டுக்காரர் கோவிலில் நின்ற கோலத்திலேயே வேட்டியும் வெறுங்காலுமாக இறங்க, முதலாளி ஒரு சோடி பூட்ஸைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். "வேட்டிக்கு இது செட் ஆகாதே சார்" என்று தமிழிலேயே முறையிட்டபடி அவர் போட்டுக்கொண்டார்.

முதலாளி குனிந்து பின்னின் தலையைப் பார்த்தார். "யார் அடித்தது?"

"நான்தான்."

"நீயா?"

அவ்வளவுதான். நாள் முழுக்க ஏசியிருந்தாலும் அப்படிச் சுட்டிருக்காது.

விரிந்த தலையை முதலில் கிரைண்டரால் அரைத்து எடுக்க வேண்டியிருந்தது. அதுவே ஒரு மணித்தியாலம். பிறகு பிரஸ்ஸைப் பொருத்திப் பம்பை அமத்தினேன். முதலாளி குந்தியிருந்து விளக்குப் பிடித்தார். ஒரு முனகல் கேட்டது. பிறகு, கோபம் ஆறிய பிள்ளை கதவைத் திறந்து வருவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக அது வெளியே வந்தது. அளவான புதுப் பின்னை அவரே தேடி எடுத்துத் தந்தார்.

மறுநாள் தேர். அரோகரா ஓசைக்கு நடுவே சனமெல்லாம் அம்பாளைப் பார்த்துக் கைகூப்ப, நான் குனிந்தபடி இடது பின்சில்லோடு நடந்தேன். மனைவி விலாவில் இடித்தாள்.

"இஞ்சேருங்கோ, அம்பாள் மேல இருக்கிறா."

"ஓம், தெரியும். சத்தம் கேக்குதோ எண்டு பாக்கிறன்."

"கேக்குதோ?"

"இல்லை."

"அப்ப நிமிருங்கோ."

நிமிர்ந்தேன். அம்பாள் ஒரு பக்கமும் சரியாமல் நேராக வந்துகொண்டிருந்தாள்.