ஹாட் பிளக்

பாகாயம் சிக்னலில் பக்கத்து பைக் திக்கித் திணறிப் புகை கக்கியது. சட்டென்று தெளிந்து சீறியது. அதை ஓட்டிவந்த பையனைத் திரும்பிப் பார்த்தேன்.

எண்பதுகளில் சித்தப்பாவின் ரேஸ் பைக்கும் இப்படித்தான் திக்கும். பெட்ரோல் ஜாஸ்தியாக இறங்கி ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். அதை எங்கள் ஸ்டவ்வில் காட்டிச் சுடுவார். தோசையெல்லாம் பெட்ரோல் நாறும்.

காவேரிப்பாக்கம் ஏரி வற்றிய கோடையில் ஏரிக்குள்ளேயே பந்தயம். அன்று, கரியைத் தானே எரித்துவிடும் ஹாட் பிளக்கை மாட்டினார்.

"முழு வேகத்துல இந்தச் சூட்டைப் பிஸ்டன் தாங்காதுடா. பழைய பிளக்கையே போட்டு, பெட்ரோலைக் கொஞ்சம் கம்மி பண்ணு," என்றார் அப்பா.

"கம்மி பண்ணா இழுவை போய்டும்ணே."

பைக் திக்கவே இல்லை. ஏரி நடுவில் சத்தம் கூர்மையாகிக்கொண்டே போனது. "போதும்டா!" என்று அப்பா ஓடினார். பிஸ்டன் இறுகி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. புழுதி அடங்கிய பிறகும் சித்தப்பா எழவில்லை.

பச்சை விழுந்தது. அந்தப் பையன் முறுக்கிக்கொண்டு பறந்தான். திக்குடா, கொஞ்சம் திக்கு என்று என் வாய் முணுமுணுத்தது.